அட்வான்ஸும் ஒட்டடைக் குச்சியும்

வாடகை வீட்டுல காலம் தள்ளுறவங்களுக்கு ரெண்டு நாள் மறக்கவே மறக்காது. ஒண்ணு பால் காய்ச்சுற நாள். இன்னொண்ணு சாவியைத் திருப்பிக் கொடுக்குற நாள். முதல் நாள்ல ஹவுஸ் ஓனர், "உங்க வீடு மாதிரி நெனைச்சுக்குங்க"ம்பார். கடைசி நாள்ல, "என் வீட்டை என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க"ம்பார். நடுவுல மாசம் தவறாம வாடகை கொடுத்த அத்தனை ஒண்ணாந்தேதியும் காத்துல போயிடும். :-)

ஊரை விட்டு வந்து வாடகைக்கு இருக்குற நம்ம ஆளுங்க எந்த ஊர்ல இருந்தாலும், லண்டனோ சிங்கப்பூரோ பெங்களூரோ, அட்வான்ஸ் பணத்தைத் திருப்பி வாங்குற கதை ஒண்ணு கட்டாயம் வச்சிருப்பாங்க. பாதிப் பேர் கதை "சரி போகட்டும்னு விட்டுட்டேன்"னு முடியும். என் கதை அந்தமான்ல நடந்தது. விடாம கேட்டு வாங்கினது. எப்படி வாங்கினேன்னு எழுதி வச்சா நாலு பேருக்கு உதவுமேன்னுதான் இந்தப் புலம்பல்.

போர்ட் பிளேர்னு நான் எழுதுறதை மன்னிச்சுக்குங்க. 2024 செப்டம்பர்ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க. வாய்க்கு இன்னும் பழைய பேர்தான் வருது. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். கப்பல்னா மூணு நாள், விமானம்னா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஊரெல்லாம் இந்திதான் பொதுப் பேச்சு. ஆனா அபர்டீன் பஜார்ல நாலு கடை ஏறினா ரெண்டு கடையில தமிழ் பேசலாம். முருகன் கோயில் உண்டு, பங்குனி உத்திரத்துக்குக் காவடி உண்டு. திருநெல்வேலிக்காரனுக்கு வேற என்ன வேணும்? ஒரு ஒப்பந்தக் கம்பெனியில கணக்குப் பாக்குற வேலை எனக்கு. 2022 ஜூன்ல தங்கமணியோடயும் பையனோடயும் வந்து, டாலிகஞ்ச் பக்கம் ரெண்டு படுக்கையறை உள்ள ஒரு வீட்டுல குடியேறினோம்.

ஓனரும் தமிழர்தான். அவங்க அப்பா காலத்துலயே ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து வந்து இங்கயே வேரூன்றின குடும்பம். நான் அவரை அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பிம்பார். வாடகை 14,000. அட்வான்ஸ் மூணு மாசம், 42,000. அக்ரிமென்ட் வழக்கம்போல 11 மாசத்துக்கு. முடிய முடிய புதுசு போட்டுக்கிட்டோம். (ஏன் எல்லாரும் 11 மாசம் போடுறாங்க தெரியுமா? ஒரு வருஷத்தைத் தாண்டின குத்தகையை 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி கட்டாயம் பதிவு பண்ணணும். அந்தச் செலவுக்குப் பயந்துதான்.)

மூணு வருஷம் எந்தப் பிரச்சினையும் இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் போகும், அங்கேர்ந்து மீன் குழம்பு வரும். 2025 மார்ச்ல அண்ணாச்சி வந்தார். "தம்பி, டூரிஸ்ட் நிறைய வர்றாங்க. வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கலாம்னு இருக்கேன். மே மாசத்துக்குள்ள பாத்துக்கிடுங்க"ன்னார். அவர் வீடு, அவர் விருப்பம். நாங்களும் காராச்சர்மா பக்கம் வேற வீடு பாத்துட்டோம். புது வீட்டுக்கு அட்வான்ஸ் 32,000. அப்பதான் பையனுக்குப் பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ் கட்டியிருந்த நேரம். அதனால பழைய அட்வான்ஸை வாங்கித்தான் புது அட்வான்ஸ் கொடுக்கணும்ங்கிற நிலைமை. மாசச் சம்பளக்காரன் பொழப்பு உங்களுக்குத் தெரியாததா.

மே கடைசியில காலி பண்ணினோம். சாமானை ஏத்தின பிறகு ரெண்டு நாள் தங்கமணி அந்த வீட்டுலயேதான் கிடந்தா. ஒட்டடை அடிச்சு, தரை துடைச்சு, பாத்ரூம்ல ஆசிட் ஊத்தித் தேய்ச்சு, அடுப்பு மேடையைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, ஜன்னல் கம்பி ஒவ்வொண்ணாத் துணி வச்சுத் துடைச்சு... அதுவும் தண்ணி நாள் விட்டு நாள் வர்ற கோடையில. போர்ட் பிளேருக்குத் தண்ணி தனிகரி அணையிலேர்ந்து வரணும். வெயில் காலத்துல அது இறங்கிடுச்சுன்னா குழாயும் இறங்கிடும். டிரம்ல பிடிச்சு வச்சிருந்த தண்ணியை வச்சுத்தான் அவ்வளவும் பண்ணினா.

சாவியைக் கொடுத்தோம். "ரெண்டு நாள்ல பணம் போட்டுவிடுறேன் தம்பி"ன்னார். ஒன்பதாம் நாள் 15,500 வந்தது. கூடவே வாட்ஸப்புல ஒரு காகிதத்தோட போட்டோ. அதுல இருந்தது இது:

பெயிண்டிங் - 16,000
வீடு சுத்தம் செய்தது - 6,500
தண்ணித் தொட்டி கழுவியது - 1,500
குழாய் 2 மாற்றியது - 900
ஜன்னல் கிரில் துரு எடுத்தது - 1,600
ஆக மொத்தம் - 26,500

நான் தொகையைப் பாத்தேன். தங்கமணி ரெண்டாவது வரியைப் பாத்தா. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "நான் வீடு வச்சிருந்த லட்சணத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூவா அபராதமா?"ன்னு கேட்டா.

இந்த இடத்தை ஆம்பளைங்க கொஞ்சம் நின்னு கவனிக்கணும். அட்வான்ஸ்ல சுத்தத்துக்குன்னு பணம் பிடிக்கிறது நமக்கு ஒரு கணக்கு வரி. வீட்டைப் பாத்துக்கிட்ட பொம்பளைக்கு அது முகத்துல அடிச்ச மாதிரி. வெள்ளிக்கிழமை கோயில்ல ஓனர் வீட்டம்மாவைப் பாத்துத்தான் ஆகணும். "அவங்க வீட்டை நாசம் பண்ணிட்டுப் போனாங்களாம்"னு ஒரு பேச்சு கிளம்பினா, இந்த ஊர்ல தமிழ் வீடுகளுக்கு அது போய்ச் சேர ரெண்டு நாள் போதும். ஊர்னா மாமன் மச்சான் நாலு பேர் நமக்காகப் பேசுவாங்க. இங்க நாம யாருன்னு தெரிஞ்சவங்களே அந்த நாலு வீடுதான்.

நண்பர்கள்கிட்ட கேட்டா ரெண்டு விதமா சொன்னாங்க. "இங்க எல்லாரும் இப்படித்தான் பிடிப்பாங்க, இது மாமூல்"னு ஒரு கட்சி. "கடல் தாண்டி வந்து நம்மாள்கூடவே சண்டை போடணுமா, விடுங்க"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டாவது கட்சிதான் ஆபத்தானதுன்னு எனக்குத் தோணுது. நம்மாளுங்கிறதுக்காக வாய மூடிக்கிட்டா, பணமும் போகும், உறவும் போகும். மனசுக்குள்ள கரிச்சுக்கிட்டே எத்தனை நாள் தீபாவளிப் பலகாரம் கொடுக்க முடியும்? கணக்கை மேசை மேல வச்சுப் பேசி முடிச்சா உறவு பிழைக்க வழி இருக்கு.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். தேடினதைச் சுருக்கமா சொல்றேன், எல்லாருக்கும் உதவும்.

முதல்ல ரொம்பப் பழையது. 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 108. அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிக்கலைன்னா, குடியிருக்குறவர் இடத்தை வாங்கினப்ப இருந்த நல்ல நிலையிலயே திருப்பித் தரணும். ஆனா நியாயமான தேய்மானத்தாலயோ, தடுக்க முடியாத சக்தியாலயோ வந்த மாற்றங்களுக்கு அவர் பொறுப்பில்லை. வெள்ளைக்காரன் காலத்துலயே தேய்மானம் ஓனர் தலையிலதான்!

அடுத்தது புதுசு. மாதிரி வாடகைச் சட்டம். 2021 ஜூன் 2-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டு மாநிலங்களுக்கு அனுப்பினது. குடியிருப்பு வீட்டுக்கு அட்வான்ஸ் ரெண்டு மாச வாடகைக்கு மேல கூடாது. வீட்டைக் காலி பண்ணி ஒப்படைக்கிற அன்னைக்கே, குடியிருந்தவர் தரவேண்டிய பாக்கி ஏதாவது இருந்தாக் கழிச்சுக்கிட்டு, மீதியைக் கொடுத்துடணும். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டாவது அட்டவணை. எந்த வேலை யாரோடதுன்னு பிரிச்சுப் பட்டியல் போட்டிருக்காங்க. சுவர் வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், கட்டட ரிப்பேர், பெரிய குழாய் வேலை, ஒயரிங் இதெல்லாம் ஓனரோட வேலை. குழாய், வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், பூட்டு, உடைஞ்ச கண்ணாடி, கொசுவலை இதெல்லாம் குடியிருக்குறவர் வேலை. குடியிருந்தவர் உடைச்சுக் கெடுத்தது மட்டும் தனிக் கணக்கு.

அந்தமானுக்குத் தனிச் சட்டசபை கிடையாது. அரசியல் சட்டத்தோட 240-ஆவது பிரிவுப்படி ஜனாதிபதிதான் ஒழுங்குமுறை போடணும். அப்படி அந்தமான் நிகோபார், லட்சத்தீவு, தாத்ரா நகர் ஹவேலி - டாமன் டையூ மூணுக்கும் வாடகை ஒழுங்குமுறைகள் போட 2023 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டுல அதுக்கு முன்னாலேயே, 2017-ல இயற்றின வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-லேர்ந்து நடைமுறையில இருக்கு. அங்க வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா அட்வான்ஸ் மூணு மாசம். ஆனா சென்னையில பத்து மாச அட்வான்ஸ் வாங்கி, போறப்ப பெயிண்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையைக் கழிக்கிற பழக்கம் உங்களுக்குத் தெரியாததா என்ன...

சட்டத்தைத் தெரிஞ்சுக்கிட்டாச்சு. அதை எடுத்துக்கிட்டு நேரா அண்ணாச்சி முன்னால போய்ப் பிரிவு 108-னு ஆரம்பிச்சா, "வக்கீல் வச்சுப் பேசு போ"ன்னுடுவார். அவர் நிலைமையையும் யோசிச்சேன். இந்த ஊர்ல பெயிண்ட் டப்பாலேர்ந்து சிமென்ட் மூட்டை வரைக்கும் கப்பல்ல வரணும். ஆள் கூலி அதிகம். ஹோம்ஸ்டேக்குக் கட்டில், ஏசின்னு செலவு இழுத்துக்கிட்டிருக்கு. கையில என் பணம் 42,000 இருக்கு. பெயிண்ட் அடிக்கத்தான் போறோம், கொஞ்சம் அங்கேர்ந்து எடுத்துக்கலாமேன்னு தோணியிருக்கும். கெட்ட மனுஷன் இல்லை. கெட்ட கணக்கு, அவ்வளவுதான்.

ஆனா இந்தத் தீவுல பெயிண்ட் எவ்வளவு நாள் தாங்கும்? வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னைக்கு ஒரு வருஷம் பெய்யுறதைப் போல ரெண்டு மடங்கு. மே மாசம் ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் ஏதோ ஒரு பருவக்காத்து வந்துக்கிட்டே இருக்கும். வெளிச்சுவர் பாசி பிடிச்சுக் கறுக்கும். உள்சுவர்ல ஓதம் ஏறி, பூசணம் பூக்கும். பீரோவுக்குப் பின்னால மழைக்காலத்துல கையை வச்சா ஈரம் ஒட்டும். பெல்ட்டு, செருப்பு, பட்டுப் புடவைப் பெட்டி எதையும் அது விடாது. கடல் காத்துல உப்பு இருக்குறதால இரும்புக் கிரில்லுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கலைன்னா துருதான். இதையெல்லாம் செஞ்சது வங்காள விரிகுடா. பில்லை எங்க பேர்ல போட்டா எப்படி?

இன்னொண்ணும் இருக்கு. மூணு வருஷம் கட்டின வேட்டியைத் திருப்பி வாங்கிட்டு, புது வேட்டியோட விலையைக் கேக்க முடியுமா? பெயிண்டும் அப்படித்தான். மூணு வருஷம் தாங்குற பெயிண்டை நாங்க மூணு வருஷம் பாத்துட்டோம்னா அதோட மதிப்பு முடிஞ்சது. அதுக்கு வாடகை கொடுத்தாச்சு. மேல அடிக்கிற புதுப் பெயிண்ட் இனிமே வரப்போற டூரிஸ்ட்டுக்கு. இங்கிலாந்துல அட்வான்ஸ் தகராறு தீர்க்குறவங்க இதைத்தான் முதல்ல பாப்பாங்க: பழசுக்குப் பதிலாப் புதுசு வாங்கி ஓனர் லாபம் அடையக் கூடாது.

நியாயம் இருக்கு, ஆதாரம் வேணுமே? வீட்டுக்குள்ள போனப்ப சுவர் எப்படி இருந்துச்சுன்னு யார் சொல்றது? அப்பதான் தங்கமணிக்கு ஞாபகம் வந்தது. 2022 ஜூன்ல பால் காய்ச்சின அன்னைக்கு, வர முடியாத அவங்க அம்மாவுக்குக் காட்டணும்னு வீடு முழுக்கச் சுத்திக்காட்டி வீடியோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பியிருந்தா. அத்தை எதையும் அழிக்கிற பழக்கம் இல்லாதவங்க. குட்மார்னிங் படம் உட்பட அத்தனையும் அப்படியே இருக்கும். தேடி எடுத்துத் திருப்பி அனுப்பினாங்க. தேதி, நேரத்தோட ஆறு நிமிஷ வீடியோ. கூடவே அன்னைக்கு அத்தை பதிலுக்கு அனுப்பின குரல் செய்தி: "வீடு லெச்சணமாத்தான் இருக்கு. அந்த ரூம்பு மூலையில என்னட்டி கறுப்பா இருக்கு, ஓதமா? சின்னப் புள்ளைக்குச் சளி பிடிக்கப் போவுது, ஓனர்ட்ட சொல்லு. ஜன்னல் கம்பியும் துருப்பிடிச்சுக் கெடக்கு பாரு."

மூணு வருஷத்துக்கு முன்னாடியே, பாளையங்கோட்டையில உக்காந்துக்கிட்டு, ஒரு மாமியார் எங்க வழக்குக்குச் சாட்சி சொல்லி வச்சிருக்காங்க! :-)) இதுக்கு மேல எந்த வக்கீல் வேணும்?

காலி பண்ணின அன்னைக்கும் நான் ஒவ்வொரு அறையா போட்டோ எடுத்திருந்தேன். அடுப்பு மேடை, பாத்ரூம், தரை, எல்லாம். இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு ஒரு கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். கோபமா ஒரு வார்த்தை இல்லை. "அன்புள்ள அண்ணாச்சிக்கு"ன்னு ஆரம்பிச்சு, அவர் போட்ட அஞ்சு வரிக்கும் வரிசையா பதில்.

பெயிண்டிங்: மூணு வருஷத் தேய்மானம், ஓதம் முன்பே இருந்தது, வெள்ளையடிப்பு ஓனர் பொறுப்பு. சுத்தம்: ஒப்படைச்ச அன்னைக்கு எடுத்த படங்கள் இதோ. யார் சுத்தம் பண்ணினாங்க, எத்தனை ஆள், எத்தனை நாள், ரசீது இருந்தாக் காட்டுங்க. தொட்டி: நாங்க பயன்படுத்தினது, ஒத்துக்கிறோம். குழாய்: எங்க பொறுப்பு, ஒத்துக்கிறோம். கிரில்: முதல் நாள் வீடியோவுலயே துரு இருக்கு. ஆக, கழிக்க வேண்டியது 2,400. வரவேண்டிய பாக்கி 24,100. எப்ப வந்து பேசட்டும்?

ஒத்துக்க வேண்டியதை முதல்லயே ஒத்துக்கிறதுதான் இந்தக் கடிதத்தோட பலம். அஞ்சையும் மறுத்தா அது சண்டை. ரெண்டை ஒத்துக்கிட்டு மூணை மறுத்தா அது கணக்கு.

கடிதம் போன மறுநாள் போன் வந்தது. "என்ன தம்பி, லெட்டர் எல்லாம் போடுறீங்க. சரி, ஒரு பத்தாயிரம் தர்றேன், முடிச்சுக்குவோம்." பத்தாயிரம் கையில வந்தாப் புது வீட்டுக்காரருக்குக் கொடுத்து மூச்சு விடலாம். நான் தயங்கினேன். பக்கத்துல நின்ன தங்கமணி போன் வச்ச பிறகு சொன்னா: "பெயிண்டுக்கு வேணா கொஞ்சம் விட்டுக்கொடுங்க. சுத்தத்துக்கு மட்டும் ஒத்த ரூவா விடக்கூடாது."

அதுதான் எங்க பேரத்தோட எல்லைக்கோடு ஆச்சு. புது வீட்டுக்காரர்கிட்ட பாதி கொடுத்து, மீதிக்கு ரெண்டு வாரம் அவகாசம் கேட்டேன். நல்லவேளை, ஒத்துக்கிட்டார்.

கோயில் பக்கம் எல்லாருக்கும் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கார். ஹார்பர்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவர். அவரை நடுவுல வச்சு ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில உக்காந்தோம். தங்கமணியும் வந்தா. டீ வந்தது. யாரும் குரலை உயர்த்தலை. பெரியவர் முதல்ல, "சுத்தம் பண்ணினதுக்குச் சீட்டு இருக்கா?"ன்னு கேட்டார். இல்லை. "பெயிண்டர் வர்றதுக்கு முன்னாடி சாமான் ஒதுக்கி, சுவர் சுரண்டி, கூட்டிப் பெருக்கினாங்க. அந்தக் கூலிதான்"னார் அண்ணாச்சி. பெரியவர் சிரிச்சுக்கிட்டே, "அப்ப அது பெயிண்டிங் வேலையோட குப்பைல்லா? இந்தப் புள்ள வீட்டோட குப்பை இல்லையே"ன்னார். திண்ணை அமைதியாயிடுச்சு.

அப்புறம் வீடியோவைப் போட்டோம். அத்தை குரல் செய்தி ஓடினப்ப, "சளி பிடிக்கப் போவுது"ன்னு வந்ததும் அண்ணாச்சி சம்சாரமே சிரிச்சுட்டாங்க. "அந்த மூலைதான் நான் அப்பவே சொன்னேன்ல, மேல தொட்டி கசியுதுன்னு"ன்னு அவங்க வீட்டுக்காரரைப் பாத்துச் சொன்னாங்க. எங்க பக்கம் ரெண்டாவது சாட்சி!

அண்ணாச்சி ஒரு இடத்துல மட்டும் பிடிச்சுக்கிட்டார். அடுப்புக்கு மேல டைல்ஸ் இல்லாத சுவர். அதுல எண்ணெய்ப் புகை ஏறி மஞ்சளா இருக்கு, பெயிண்ட் ஒட்ட மாட்டேங்குது, ரெண்டு கோட்டு கூடுதலா அடிச்சேன்னார். போட்டோவுலயும் தெரிஞ்சது. சமைக்கிற வீட்டுல புகை ஏறத்தானே செய்யும்னு வாதாடியிருக்கலாம். தங்கமணி என்னைப் பாத்துத் தலையாட்டினா. பெரியவர் மூவாயிரம்னார். சரின்னோம்.

42,000-ல தொட்டி 1,500, குழாய் 900, சமையலறைச் சுவர் 3,000 போக 36,600. ஏற்கெனவே வந்தது 15,500. மீதி 21,100-ஐ அண்ணாச்சி அங்கேயே ஜிபேல அனுப்பினார். தங்கமணி ஒரு காரியம் பண்ணினா. அந்தப் பழைய சீட்டை எடுத்துப் புதுசா எழுதித் தரச் சொன்னா. அண்ணாச்சி முணுமுணுத்துக்கிட்டே எழுதினார். அதுல 'வீடு சுத்தம் செய்தது'ங்கிற வரி இல்லை. பணத்தைவிட அந்தச் சீட்டைத்தான் அவ பத்திரமா வச்சிருக்கா.

கோர்ட்டு கேஸ்னு போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? மாதிரிச் சட்டத்துல வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம்னு மூணு படி வச்சிருக்காங்க. அதிகாரி துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாதவரா இருக்கணும். ஒப்பந்தம் எழுதினா ரெண்டு மாசத்துக்குள்ள அவருக்குத் தெரிவிக்கணும். அந்தக் கதவு இருக்குறதே திண்ணையில உக்காந்து பேசுறதுக்கு ஒரு பலம். ஆனா 24,100 ரூபாய்க்கு அந்தக் கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சுப் பாக்குறது தப்பில்லை.

வெளிநாட்டுல இருக்குற நம்ம மக்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கு. தெரியாமலே நிறையப் பேர் பணத்தை விட்டுட்டு வர்றாங்க. தெரிஞ்ச அளவுக்குச் சொல்றேன்.

இங்கிலாந்து: 2007 ஏப்ரல் 6-லேர்ந்து, சாதாரண வீட்டு வாடகைக்கு வாங்குற அட்வான்ஸை ஓனர் அரசு அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டத்துல 30 நாளுக்குள்ள சேர்க்கணும். சேர்க்கலைன்னா அட்வான்ஸைப் போல ஒண்ணுலேர்ந்து மூணு மடங்கு வரைக்கும் அபராதம். தகராறுன்னா அந்தத் திட்டமே இலவசமாத் தீர்த்து வைக்கும். 2019 ஜூன் 1-லேர்ந்து, காலி பண்றப்ப காசு கொடுத்துத் தொழில்முறைச் சுத்தம் பண்ணியே ஆகணும்னு வாடகைதாரரைக் கட்டாயப்படுத்த முடியாது. வந்தப்ப இருந்த சுத்தம் போறப்பவும் இருந்தாப் போதும்.

சிங்கப்பூர்: ரெண்டு வருஷத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைத் தகராறுன்னா சிறு உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு பேரும் சம்மதிச்சா 30,000 வரைக்கும். வக்கீல் கிடையாது, நாமேதான் பேசணும்.

ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கம் அட்வான்ஸ் பணம் ஓனர்கிட்டயே இருக்காது, மாநில அரசு அமைப்புகிட்ட இருக்கும். குடி போறப்பவே வீட்டு நிலைமை அறிக்கை ஒண்ணை நிரப்பிக் கொடுப்பாங்க. சோம்பேறித்தனப்படாம நிரப்புங்க, அதுதான் நாளைக்கு உங்க அத்தை குரல். :-)

கலிஃபோர்னியா: காலி பண்ணின 21 நாளுக்குள்ள, எதுக்கு எவ்வளவு பிடிச்சோம்னு வரிவாரியா எழுதிக்கொடுத்து மீதியைத் தரணும். 2025-லேர்ந்து ஓனரே போட்டோ எடுத்து வைக்கணும்னும் சட்டம் வந்திருக்கு.

எந்த ஊரா இருந்தாலும் பொதுவா நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்:

1. பால் காய்ச்சுற அன்னைக்கே வீடு முழுக்க வீடியோ எடுத்து, ஓனருக்கும் சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் அனுப்பிடுங்க. தேதி தானா விழும். கூரை மூலை, ஜன்னல் கம்பி, பாத்ரூம் கதவோட அடிப்பக்கம், குழாய், ஸ்விட்ச் எல்லாம் தெரியணும்.

2. இருக்குறப்ப ஓதம், கசிவு வந்தா வாய்ல சொல்றதோட நிறுத்தாம மெசேஜா ஒரு தடவை அனுப்பிடுங்க.

3. சாவி கொடுக்குறப்ப ஓனரையும் கூட வச்சுக்கிட்டு அறை அறையாப் பாருங்க. "எல்லாம் சரி"ன்னு ஒரு வரி அவர்கிட்டேர்ந்து வாங்கிடுங்க.

4. பிடிச்சா வரிவாரியாக் கேளுங்க. ஒவ்வொரு வரிக்கும் மூணே கேள்வி: இது முன்னாடியே இருந்ததா? இது தேய்மானமா, சேதமா? ரசீது எங்க?

5. உங்க பங்கை முதல்ல ஒத்துக்குங்க. பாக்கியை எழுத்துல கேளுங்க. கெடு வையுங்க, மரியாதையா.

6. எதுல விட்டுக்கொடுக்கலாம், எதுல கூடாதுன்னு வீட்டுக்குள்ள முதல்லயே பேசி முடிவு பண்ணிட்டுப் போங்க. அதை முடிவு பண்ற உரிமை, அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கினவங்களுக்கு இருக்கு.

கடைசியா ஒண்ணு. நம்மாள்ல பாதிப் பேருக்கு ஊர்ல ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கும். அங்கயும் யாரோ ஒருத்தர் அடுத்த மாசம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போறார். "பெயிண்டிங்குக்கு ஒரு மாசம் கழிச்சுக்கச் சொல்லு"ன்னு அப்பாவுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி, அந்த மூணு கேள்வியை நம்மகிட்ட நாமே ஒரு தடவை கேட்டுக்கலாம்.